‘தேங் எனவா’ என்றால் எத்தனை மணி?

கேள்வி: யாழ்ப்பாணத்தில் சிறிய உணவுத் தயாரிப்பு நிலையம் நடத்துகிறேன். உறைய வைத்த றோல்ஸ், பற்றிஸ், மரக்கறி ரொட்டி. போன முறை கொழும்பில் ஒரு வர்த்தகக் கண்காட்சியில் முதன்முதலாக ஸ்டோல் எடுத்தேன். இரண்டாம் நாள் காலை போய்ப் பார்த்தால் ஃப்ரீசர் நின்றுபோய், சாமான் எல்லாம் இளகிக் கிடந்தது. அங்கே நின்ற எலெக்ட்ரீஷியன் பெடியனை வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு என் ஸ்டோல் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. குப்பை எடுக்கக்கூட வரவில்லை. நான் தமிழ் என்பதாலா, கத்தியதாலா என்று தெரியவில்லை. அடுத்த மாதம் கொழும்பு பி.எம்.ஐ.சி.எச்.இல் (பண்டாரநாயக்க ஞாபகார்த்த சர்வதேச மாநாட்டு மண்டபம்) மறுபடியும் ஸ்டோல் போடுகிறேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இரு என்கிறார் கணவர். பணிந்து போனால் ஏறி மிதிப்பார்கள் என்கிறா அக்கா. யார் சொல்வது சரி? போன முறை நிரப்பிய படிவத்தின் பிரதியையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்:

இரண்டு பேர் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. பல்லைக் கடித்து வைத்திருக்கும் பொறுமை, ஸ்டோல் கட்டும் நாள் பின்னேரம் 4 மணிக்கே தீர்ந்துவிடும். அக்கா சொன்னபடி முறைத்துக்கொண்டு நின்றாலும் பயனில்லை. அந்த மண்டபத்தில் உங்களை ஏறி மிதிக்க யாருக்கும் நேரம் கிடையாது. உங்களை விட்டுவிட்டு அடுத்த ஸ்டோலுக்குப் போய்விடுவார்கள். போன முறை நடந்தது அதுதான்.

நான் 7 வருடம் ஸ்டோல் போட்டவன். அதற்குப் பிறகு 15 வருடம் ஏற்பாட்டாளர் பக்கம் நின்று, ஸ்டோல் போட்டவர்களிடம் ஏச்சு வாங்கியவன். இரண்டு பக்கமும் நின்று பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது ஒன்றுதான். கட்டும் நாளில் வெடிக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை ஒரு மாதத்துக்கு முன்பே, படிவம் நிரப்பும் மேசையில் தொடங்கியவை.

உங்கள் படிவத்தைப் பார்த்தேன். மின்சாரப் பகுதியில் ‘ப்ளக் பேஸ் 1’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்கு இரண்டு வரி கீழே, ‘24 மணி நேர இணைப்பு, மேலதிகக் கட்டணம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

கண்காட்சி மண்டபங்களில் பொதுவாக, வாசல் மூடிக் கொஞ்ச நேரத்தில் ஸ்டோல்களுக்குப் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அத்தனை தற்காலிக வயர்களையும் இரவு முழுக்க ஆள் இல்லாமல் ஓட விட்டால் தீப்பிடிக்கும் ஆபத்து இருக்கிறது. ஃப்ரீசர், மீன் தொட்டி, சேவர் கணினி மாதிரி நிற்கக்கூடாத சாமான் வைத்திருப்பவர்கள் தனி லைன் கேட்க வேண்டும். கேட்டவர்களின் ஸ்டோல் இலக்கம் எலெக்ட்ரீஷியன் கையில் இருக்கும் பட்டியலில் ஏறும். நீங்கள் ஏசிய பெடியனின் பட்டியலில் உங்கள் இலக்கம் இருந்திருக்காது. ஸ்டோலில் ஃப்ரீசர் நிற்பதைக் கண்ணால் கண்டாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பீர்கள். கேட்டிருந்தால் நல்லதுதான். ஆனால் 150 ஸ்டோலுக்கு மூன்று பேர் ஓடித் திரியும் இரவில் பட்டியல்தான் அவர்களுக்குக் கண்.

சாமான் இளகிய விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. நிறைய அடுக்கி, மூடியைத் திறக்காமல் வைத்த ஃப்ரீசர் கரண்ட் இல்லாமல் ஏறத்தாழ 48 மணி நேரம் தாங்கும். பாதிதான் நிறைந்திருந்தால் 24 மணி நேரம். உங்களுடையது ஒரே இரவில் இளகியதென்றால், முதல் நாள் விற்றுப் பாதி காலியாக இருந்திருக்கும், மேல் மூடி கண்ணாடியாக இருந்திருக்கும், பகல் முழுக்க யாராவது திறந்து திறந்து காட்டியிருப்பார்கள். இரவில் மண்டபத்தின் ஏசியும் நின்றுவிடும். இந்த முறை 24 மணி நேர லைன் எடுத்தாலும், விற்று ஒழிந்த இடத்தில் தண்ணீர் போத்தல்களை உறைய வைத்துச் செருகுங்கள். லைன் ட்ரிப் ஆனாலும் காலை வரை தாக்குப்பிடிக்கும்.

ட்ரிப் என்றதும் கேத்தல் ஞாபகம் வருகிறது. வருகிறவர்களுக்கு பிளேன்டி (பால் விடாத தேநீர்) கொடுக்கிறோம் என்று உங்களைப் போன்றவர்கள் கேத்தலைக் கொண்டுவந்து ஃப்ரீசரோடு ஒரே மல்டி ப்ளக்கில் குத்துவார்கள். 2000 வாட் கேத்தல் ஒன்று 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். சிறிய ஸ்டோலுக்குக் கொடுக்கும் இணைப்பு அதைத் தாங்கும் என்று நினைக்காதீர்கள். எத்தனை ஆம்பியர் என்பது படிவத்தில் இருக்கும். உங்கள் கேத்தல் கொதிக்கும் நேரத்தில் பக்கத்து ஸ்டோல் இரண்டும் சேர்ந்து இருட்டாகும். அப்போது ஓடிவரும் எலெக்ட்ரீஷியனின் முகத்தைப் பார்த்துவிட்டு, “இவன் ஏன் இப்படி உர்ரென்று இருக்கிறான்” என்று நாமே சொல்வோம். பிளேன்டியை வீட்டில் போட்டு ஃபிளாஸ்கில் கொண்டுவாருங்கள்.

சரி, படிவம் ஒழுங்காக நிரப்பியும் வேலை நடக்கவில்லை என்றால்?

அங்கேதான் ஆளை அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஸ்டோலைச் சுற்றி நடமாடும் எல்லோரையும் நாம் ‘ஒர்கனைசரின் ஆட்கள்’ என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பலகையும் அலுமினியக் காலும் பூட்டுகிறவர் ஸ்டோல் கொன்ட்ராக்டரின் ஆள். வயர் இழுப்பவர் அவருக்குக் கீழே உப கொன்ட்ராக்ட் எடுத்தவரின் ஆள். கேட்டில் நிற்கும் செக்கியூரிட்டி ஒரு கொம்பனி, கூட்டித் துடைப்பவர்கள் இன்னொரு கொம்பனி. மண்டபத்தின் சொந்த ஊழியர்கள் வேறு. பெட்டி தூக்க வரும் நாட்டாமைமார் அன்றைக்கு மட்டும் வந்தவர்களாக இருப்பார்கள். (தமிழ்நாட்டில் இருந்து வந்த வியாபாரி ஒருவருக்கு “நாட்டாமையைக் கூப்பிடுங்கள், பெட்டியைத் தூக்கட்டும்” என்று நான் சொல்ல, ஊர்ப் பெரியவர் எதற்குப் பெட்டி தூக்க வேண்டும் என்று அவர் திகைத்துப்போனார். கொழும்பின் கடைத்தெருவான புறக்கோட்டையில் அந்தச் சொல்லுக்குச் சுமை தூக்குபவர் என்று பொருள். சிங்களத்திலும் அதே சொல்தான்.) இவர்களில் யாருக்கும் மற்றவருடைய வேலையைச் செய்ய அதிகாரம் இல்லை. பலகை பூட்டுகிறவரிடம் லைட் எரியவில்லை என்று பத்துத் தடவை சொன்னாலும், அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். அவரை வயரில் கை வைக்க விடமாட்டார்கள்.

ஆகவே கட்டும் நாள் போனதும் முதல் வேலை, உங்கள் வரிசைக்குப் பொறுப்பான சுப்பவைசர்மார் யார் என்று கேட்டு, பெயரையும் போன் இலக்கத்தையும் ஒரு மட்டையில் எழுதி மேசைக்குப் பின்னால் ஒட்டுவது. மின்சாரத்துக்கு ஒருவர், ஸ்டோலுக்கு ஒருவர், ஏற்பாட்டாளரின் அலுவலக மேசையில் ஒருவர். மூன்று பெயர் போதும். பிரச்சினை வந்தால் உரியவரிடம் ஒரு தடவை சொல்லுங்கள். அரை மணி நேரத்தில் நடக்கவில்லை என்றால் ஏற்பாட்டாளரின் மேசைக்குப் போய் ஸ்டோல் இலக்கம், என்ன பழுது, யாரிடம் எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். வழியில் அகப்பட்ட நாலு பேரிடமும் முறையிட்டால், ‘மற்றவன் பார்ப்பான்’ என்று நாலு பேரும் விட்டுவிடுவார்கள்.

இனி ‘தேங் எனவா’. சிங்களத்தில் ‘இதோ வருகிறேன்’ என்று பொருள்.

யாழ்ப்பாணத்தில் இருந்து வருபவர்களைக் கொழும்பில் அதிகம் கொதிக்க வைக்கும் இரண்டு சொல் இவை. “இதோ வருகிறேன்” என்று சொல்லிப் போனவர் மூன்று மணி நேரமாகியும் வரமாட்டார். இதை ஏமாற்று என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மரியாதையாக உரையாடலை முடிக்கும் ஒரு வழி அது. நம் ஊரில் புறப்படுபவர் “போயிட்டு வாறன்” என்றால், திரும்பி எத்தனை மணிக்கு வருவார் என்று நாம் கேட்கிறோமா? அந்த மாதிரித்தான். உங்களுக்கு நேரம் தெரிய வேண்டுமென்றால் வேறு கேள்வி கேட்க வேண்டும். “எனக்கு முன்னால் இன்னும் எத்தனை ஸ்டோல் இருக்கிறது?” என்று கேளுங்கள். “ஆறு” என்று பதில் வரும். ஒரு ஸ்டோலுக்கு 20 நிமிடம் என்றாலும் இரண்டு மணி நேரம். போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். கோபம் வருவது பெரும்பாலும் காத்திருப்பதால் இல்லை, எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று தெரியாததால்.

நேரம் பற்றிச் சொன்னதால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். கட்டும் நாள் வெள்ளிக்கிழமை என்றால் நண்பகலில் முஸ்லிம் தொழிலாளர்கள் ஜும்மாவுக்குப் போவார்கள். மறுநாள் போயா (பௌர்ணமி விடுமுறை) என்றால் பின்னேரமானதும் ஊருக்கு பஸ் பிடிக்கும் அவசரத்தில் பலர் இருப்பார்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஓடிப்போய் வயரோ பல்போ வாங்கலாம் என்ற நம்பிக்கையும் மறுநாள் உதவாது. நாட்காட்டியைப் பார்த்து, முக்கியமான வேலையை முற்பகலுக்கு நகர்த்துங்கள்.

எப்படிக் கூப்பிடுவது? இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். வயதில் மூத்தவரென்றால் ‘ஐயே’, இளையவரென்றால் ‘மல்லி’, பெண்களுக்கு ‘அக்கே’, ‘நங்கி’. இந்த நாலு சொல்லும் நன்றி சொல்ல ‘ஸ்தூதி’யும் போதும், மிச்சத்தைக் கை காட்டியும் சொல்லலாம். “ஏய், எலெக்ட்ரீஷியன்!” என்று வரிசையின் இந்த அந்தத்தில் இருந்து கூப்பிட்டால் அவர் காதில் விழும், திரும்பமாட்டார். கட்டும் நாளில் பத்து மாலுபான் (மீன் பணிஸ்) வாங்கி வைத்து, வேலை முடித்துப் போகிறவருக்கு ஒன்றும் பிளேன்டியும் கொடுங்கள். காசு கொடுக்க விரும்பினால் வேலை முடிந்த பிறகு கொடுங்கள், 500 ரூபாவோ 1000 ரூபாவோ உங்கள் இஷ்டம். வேலைக்கு முதல் கொடுத்தால் அது வரிசையை உடைக்கும் காசு. பக்கத்து ஸ்டோல்காரர் பார்த்துக்கொண்டிருப்பார். நாளைக்கு அவரும் கொடுப்பார், பிறகு காசு கொடுக்காமல் அங்கே ஒரு பல்பும் எரியாது.

குப்பை எடுக்க வரவில்லை என்றீர்கள். அது தண்டனை என்று நான் நினைக்கவில்லை. துப்புரவு செய்பவர்கள் ஸ்டோலுக்குள் கால் வைக்கமாட்டார்கள். உள்ளே ஏதாவது காணாமல் போனால் பழி அவர்கள் தலையில் விழும். மூடிய பிறகு நடைபாதையில் கிடப்பதைத்தான் எடுப்பார்கள். நீங்கள் குப்பைப் பையை மேசைக்குக் கீழே வைத்துக் காத்திருந்திருப்பீர்கள்.

இதை நான் படித்தது எதிர்த்திசையில். ஸ்டோல் போட்ட காலத்தில், திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு கையேடுகள் நிறைந்த மட்டைப்பெட்டி ஒன்றை நடைபாதையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பெட்டி இல்லை. கூட்டிக்கொண்டு நின்ற ஒரு வயதான அம்மாவைப் பிடித்து, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் முழு வரிசைக்கும் கேட்கக் கத்தினேன். அவர் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, “பெட்டியில என்ன எழுதியிருந்திச்சி தம்பி?” என்று தமிழில் கேட்டார். ஹட்டன் பக்கத்து ஆள். பெட்டியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, பழைய பிஸ்கட் விளம்பரத்தைத் தவிர. இருவரும் பின்பக்கம் போய், முந்திய இரவுக் குப்பையைக் கிளறினோம். நான் ஒரு பையைப் பிரிப்பதற்குள் அவர் நாலு பையைப் பிரித்துவிட்டார். அடியில் இருந்த கட்டு மட்டும் நனையாமல் கிடைத்தது. அன்று நான் மன்னிப்புக் கேட்டேனா என்று ஞாபகமில்லை. கேட்காமல்தான் விட்டிருப்பேன்.

தமிழ் என்பதாலா என்ற உங்கள் கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போகமாட்டேன். 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. இரவு பதினொரு மணிக்கு மண்டபத்தின் பின்வாசலில் லொறியோடு நிற்கும்போது அந்தத் திருத்தத்தை யாரிடம் காட்டுவது? மொழி தெரியாதவரை அலைக்கழிப்பவர்களும் இருக்கிறார்கள், எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் அதை முதல் விளக்கமாக எடுக்காதீர்கள். எடுத்தால் மீதி விளக்கங்களைத் தேடாமல் விட்டுவிடுவோம். கட்டும் நாளுக்கும் கழற்றும் நாளுக்குமாவது சரளமாகச் சிங்களம் பேசும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தையில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒன்று உங்களுக்கு இல்லாமலா போகும்? வாகன இலக்கமும் வருகிறவர்களின் அடையாள அட்டை இலக்கமும் கேட்டுக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்தனவா என்று உறுதிப்படுத்துங்கள். செக்கியூரிட்டியோடு வரும் தகராறுகளில் பெரும்பகுதி பட்டியலில் பெயர் இல்லாததால் வருவது. அவர் விட்டால் அவருக்கு வேலை போகும். நீங்கள் தமிழில் கெஞ்சினாலும் சிங்களத்தில் கெஞ்சினாலும் விடமாட்டார்.

பி.எம்.ஐ.சி.எச். 1973இல் திறந்த மண்டபம். 1976இல் அணிசேரா நாடுகளின் தலைவர்களுக்கே இடம் ஒழுங்கு செய்த இடம். அங்கே குரலை உயர்த்தி ஆளை அசைக்கலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

உங்களைச் சுற்றி ஒருவரும் வராததற்குக் காரணம் கத்தியதுதான் என்று நான் நினைக்கிறேன். பலகை பூட்டுகிறவரும் வயர் இழுப்பவரும் கூட்டுகிறவரும் வேறு வேறு கொம்பனி என்றாலும், இரவில் பிளேன்டி குடிப்பது ஒரே இடத்தில். ஸ்டோல் இலக்கமெல்லாம் அவர்கள் வாயில் நிற்காது. ஆளுக்கொரு பெயர் வைத்துவிடுவார்கள். உங்களுடையது ‘கேகஹன நோனாவின் ஸ்டோல்’ ஆகியிருக்கும். கத்துகிற அம்மாவின் ஸ்டோலுக்கு யார் தானாக முன்வந்து போவார்?

பொறுமை என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று எடுத்துக்கொள்ளவேண்டாம். திறந்த வயர், ஆடுகிற பலகை, தொட்டால் சுர்ரென்கிற ஃப்ரீசர் என்றால் ஒரு நிமிடமும் பொறுக்காதீர்கள். ப்ளக்கைக் கழற்றச் சொல்லி அதே இடத்தில் நில்லுங்கள், ஏற்பாட்டாளரை வரவழையுங்கள். பில்லில் நீங்கள் கேட்காத கதிரைக்கும் லைட்டுக்கும் காசு போட்டிருந்தால் கையெழுத்து வைக்காதீர்கள். முதலில் சொன்ன விலையில் 18% வற் (பெறுமதி சேர் வரி) சேர்ந்ததா இல்லையா என்று இப்போதே எழுத்தில் கேட்டு வைத்தால் அந்தச் சண்டையும் வராது. ஸ்டோலில் நிற்கும் உங்கள் பெண் பிள்ளைகளிடம் யாராவது தகாத வார்த்தை பேசினால், அதற்கு ‘மல்லி’யும் இல்லை மாலுபானும் இல்லை. நேரே முறைப்பாடு.

அந்தப் பெடியனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். கொழும்பில் இந்த வேலை செய்யும் ஆட்கள் கொஞ்சப் பேர்தான். ஒரே முகங்களைத்தான் மண்டபத்துக்கு மண்டபம் காண்பீர்கள். அடுத்த மாதம் அவன் அங்கே நிற்க இடமிருக்கிறது. கண்டால் நீங்களே போங்கள். “மல்லி, போன முறை உன்னை ஏசினேன். பிழை என்னுடையது, நான்தான் ராத்திரி லைன் கேட்கவில்லை.” அவ்வளவு போதும். இளகிய றோல்ஸின் நட்டக்கணக்கைச் சொல்லத் தொடங்காதீர்கள். அது மன்னிப்பில் இருந்து வழுக்கி மறுபடியும் வழக்காகிவிடும். கூட நாலு பேர் நின்றால் அவர்கள் முன்னாலேயே சொல்லுங்கள், ஏசியதும் நாலு பேர் முன்னால்தானே. அதோடு சேர்த்துக் காசு நீட்டவேண்டாம்.

கடைசி நாள் பின்னேரத்துக்கு மட்டும் கொஞ்சம் பொறுமையை மிச்சம் பிடியுங்கள். மூடும் நேரம் 8 மணி என்றால் 8.05க்குப் பலகை கழற்ற ஆட்கள் வந்து நிற்பார்கள். விடிவதற்குள் மண்டபத்தைக் காலி பண்ணிக் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. நீங்கள் கடைசி வாடிக்கையாளருக்குச் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது தலைக்கு மேலே பெயர்ப்பலகை கழன்று போகும். 7.30க்கே கண்ணாடிச் சாமானையும் காசுப் பெட்டியையும் ஒதுக்கி வைத்துவிட்டால், அவர்கள் வரும்போது வழியை விட்டு நிற்கலாம். 24 மணி நேர லைனும் அன்றிரவு இருக்காது. மிஞ்சிய சாமானுக்குக் குளிர் பெட்டி வண்டி எத்தனை மணிக்கு வரும், வண்டிக்காரரின் இலக்கம் கேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னும் ஒன்று. உங்கள் ஃப்ரீசர் ப்ளக் எந்த வகை என்று கடிதத்தில் இல்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் இன்னும் பழைய 15 ஆம்பியர் உருண்டை முள் ப்ளக் நிறைய இருக்கிறது. மண்டபத்தில் சதுர முள்ளுக்கான 13 ஆம்பியர் பேஸ்தான் தருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கே கழற்றிப் பாருங்கள். உருண்டை என்றால் யாழ்ப்பாணத்திலேயே ஒரு எலெக்ட்ரீஷியனைப் பிடித்து மாற்றிக்கொண்டு லொறியில் ஏற்றுங்கள்.